திட்டமிட ஆளில்லை

நகரமைப்புக் கல்வியை மேம்படுத்த, தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து கல்வி நிறுவனங்கள் வரை தலா ரூ.250 கோடி நிதி வழங்கப்படும் என்று 2022 பிப்ரவரி 1-ம் தேதி நிதிநிலை அறிக்கையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மக்களவையில் மேசைகள் தட்டப்பட வேண்டிய அறிவிப்புதான். ஆனால், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்கள் சற்றுத் தயங்கியிருப்பார்கள். மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் பாதி காலி என்கிறது அந்த அறிக்கை. அதைவிட வேடிக்கை, பல மாநிலங்களில் இப்பணிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியே அல்ல என்பது. கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தால் பட்டதாரிகள் பெருகுவார்கள். அவர்கள் உட்காருவதற்கு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு நாற்காலி வேண்டாமா?

இதன் விளைவைக் கேரளத்தின் தமிழக எல்லையோரத்தில் கண்கூடாகக் காணலாம். இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, நாடறிந்த சுற்றுலாத் தலம். தங்கும் விடுதிகள் மலைச்சரிவெங்கும் எழுந்து நிற்கும் அவ்வூரை ஆள்வது ஒரு கிராமப் பஞ்சாயத்து. 2007-ல் அன்றைய முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பி, ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கச் செய்தார். நாடே வேடிக்கை பார்த்தது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் அந்த நடவடிக்கை தேங்கிப் போயிற்று. பின்னர், வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் அங்கு கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, முதிரப்புழை ஆற்றங்கரையில் அந்தச் சான்று இல்லாமல் கட்டடம் கட்டியது வேறு யாருமல்ல, பஞ்சாயத்தேதான். தடுக்க முயன்ற தேவிகுளம் சார் ஆட்சியர் ரேணு ராஜ், ஆளுங்கட்சிச் சட்டப்பேரவை உறுப்பினரின் ஏச்சுக்கு ஆளானார். அதே ஆண்டு செப்டம்பரில் இடமாற்றமும் செய்யப்பட்டார். அவருக்கு முன் 2017-ல் ஸ்ரீராம் வெங்கிட்டராமனுக்கும் இடமாற்றமே கிடைத்தது.

இந்த அதிகாரிகளின் துணிவைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால், ஓரிரு ஆண்டுகள் வந்து போகும் ஆட்சிப் பணி அதிகாரியால் கட்டுமானத்தை நிறுத்த முடியும். நீதிமன்றத்தால் தடை விதிக்க முடியும். எந்தச் சரிவில் கட்டலாம், எந்த ஓடையைத் தொடக் கூடாது, பத்தாண்டுகளுக்குப் பின் வாகனங்கள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே வரைந்து வைப்பது வேறு தொழில். அதைச் செய்பவர் அதே இடத்தில் நெடுங்காலம் பணியாற்ற வேண்டும். பஞ்சாயத்திலோ கட்டட அனுமதி செயலரின் கையெழுத்தில் முடிகிறது. அவருக்கு உதவியாக இருப்பவர்கள் உதவிப் பொறியாளரும் மேற்பார்வையாளரும். சுவர் உறுதியானதா என்று அவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தில் சுவர் எழலாமா என்று சொல்ல ஆளில்லை.

பழுது அரசியல் சட்டத்திலேயே தொடங்குகிறது. 1992-ல் நிறைவேறிய 74-வது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கான முதல் பணியே நகரமைப்புதான். பஞ்சாயத்துகளுக்கான பதினோராவது அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. மற்ற மாநிலங்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். கேரளத்தில் 2001-ல் 99 ஆக இருந்த, பஞ்சாயத்து நிர்வாகத்தில் உள்ள 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2011-ல் 461 ஆயின. ஊர் நகரமாகிவிட்டது, அலுவலகம் கிராமமாகவே இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் இதற்கு விலை தண்ணீராகக் கொடுக்கப்பட்டது. பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு 2000-ல் அனுமதி அளித்த பெருமாட்டி பஞ்சாயத்து, கிணறுகள் வற்றியும் கெட்டும் போனதாக மக்கள் போராடிய பின் 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மழை மறைவுப் பிரதேசமான சித்தூர் வட்டத்தில் நிலத்தடி நீரை நம்பும் ஆலை தகுமா என்ற கேள்வி, முதல் விண்ணப்பத்தின்போதே எழுந்திருக்க வேண்டியது. இப்போது அதே மாவட்டத்தில், வாளையாறு எல்லையை ஒட்டிய புதுச்சேரி பஞ்சாயத்திலும் கண்ணம்பிராவிலுமாக 1,710 ஏக்கரில் ரூ.3,806 கோடியில் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. தொழில் நகரின் வரைபடத்தை வல்லுநர்கள் வரைவார்கள். அதன் வேலிக்கு வெளியே முளைக்கப்போகும் வாடகை வீடுகளுக்கும் கடைகளுக்கும் சாக்கடைக்கும் வரைபடம் வரையப்போவது யார்?

கேரள அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2016-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2022-ல் ஊராட்சி, நகராட்சி, ஊரக வளர்ச்சி, பொறியியல், நகரமைப்பு ஆகிய ஐந்து துறைகளும் ஒரே உள்ளாட்சித் துறையாக இணைக்கப்பட்டன. துறைகளுக்கு இடையே இருந்த சுவர் விழுந்துவிட்டதால், மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடும் நகரமைப்பாளர் பணியைக் கீழே இறக்குவது முன்னைவிட எளிது. ஆனால், தேவிகுளத்துக்கோ சித்தூருக்கோ அனுப்பப்படுபவர் அதைத் தண்டனை இடமாற்றமாகக் கருதும் நிலை இருக்கக் கூடாது. அங்கே பணியாற்றிய ஆண்டுகள் பதவி உயர்வில் கணக்கிடப்பட வேண்டும். அனுமதி மறுத்ததற்காக இடையிலேயே மாற்றப்படமாட்டார் என்ற உறுதியும் வேண்டும்.

அவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்பு கொள்ளும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தந்திருக்கிறது. மலையாளத்தில் மட்டும் வெளியாகும் வரைவுத் திட்டத்துக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி எப்படி ஆட்சேபம் எழுதுவார்? 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது மாண்டும் காணாமலும் போன 70 பேரில் பெரும்பாலோர் தமிழர்கள். மலைச்சரிவின் கீழே வரிசை வீடுகள் இருக்கலாமா என்று ஆராய்வதும் நகரமைப்பாளரின் வேலைதான்.

பணியிடங்களை உருவாக்குவது மாநிலத்தின் பொறுப்பு என்று மத்திய அரசு ஒதுங்கிக்கொள்வதும் சரியல்ல. கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்க முடிந்த அரசால், எல்லையோரத் தொழில் நகருக்குத் தரும் பணத்தோடு அந்தப் பஞ்சாயத்துகளில் தகுதி பெற்ற நகரமைப்பாளர் நியமிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்க முடியும். ரூ.3,806 கோடியில் சில அலுவலர்களின் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல. நில எடுப்புக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்கும்போதே இதற்கும் ஒதுக்கப்பட்டாக வேண்டும். முதல் ஆலையின் சுவர் எழுந்த பின் வருபவருக்கு, எழுந்ததை அளப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.