கால்பந்து சூரியன்னா, பூமி ஒரு கடுகு!



அரசியல் பதிவு இல்லையேன்னு கடந்து போயிடாதீங்க. இதுவும் அரசியல்தான். நம்ம பிள்ளைகளோட அரசியல்.

நம்ம ஆய்க்குடியில எந்த மூணாம் வகுப்புப் பிள்ளையையும் கூப்பிட்டு "கோள்கள் எத்தனை?"ன்னு கேளுங்க. "எட்டு"ன்னு டக்குனு சொல்லும். புதன், வெள்ளி, பூமின்னு வரிசையா ஒப்பிக்கும். "பூமியை விட வியாழன் எவ்ளோ பெருசு? எவ்ளோ தூரத்துல இருக்கு?"ன்னு கேட்டா முழிக்கும். பிள்ளை மேல தப்பு இல்ல. நாம சுவர்ல மாட்டுற சார்ட்ல எட்டுக் கோளும் ஒரே வரிசையில, பக்கத்து பக்கத்து வீடு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. அதைப் பார்த்து வேற என்ன புரியும்?

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். ஒரு கால்பந்தைச் சூரியன்னு வச்சுக்கோங்க. அந்த அளவுல:

புதன் - ஒரு ரவை, 9 மீட்டர் தூரத்துல.
வெள்ளி - கடுகு, 17 மீட்டர்.
பூமி - இன்னொரு கடுகு, 24 மீட்டர்.
செவ்வாய் - கசகசா, 36 மீட்டர்.
வியாழன் - நெல்லிக்காய், 123 மீட்டர்.
சனி - கோலிக்குண்டு, சுமார் 225 மீட்டர்.
யுரேனஸ் - கொண்டைக்கடலை, சுமார் 450 மீட்டர்.
நெப்டியூன் - இன்னொரு கொண்டைக்கடலை, சுமார் 710 மீட்டர்!

செலவு? அஞ்சறைப் பெட்டியில பாதி இருக்கு. பள்ளி வாசல்ல பந்தை வச்சுட்டு, பிள்ளைகளோட வயல் வரப்புல நடந்து பாருங்க. நெப்டியூன் வர்றதுக்குள்ள கால் வலிக்கும். அந்தக் கால் வலி பத்து வருஷம் ஆனாலும் மறக்காது. இன்ஜினியரிங் முடிச்சவன்கிற முறையில சொல்றேன்: ஒப்பிச்ச பார்முலா பரீட்சை ஹாலோட போயிடும், கையால செஞ்சு பார்த்தது கூடவே வரும்.

இன்னொண்ணு. 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிற ஊர் இது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் கல்வி உண்டுன்னு நாட்டுக்கே காட்டின ஊர். பார்வை இல்லாத குழந்தைக்குச் சுவர்ல மாட்டுற சார்ட் எதுக்கு? ஆனா ஒரு கையில கடுகையும் மறு கையில நெல்லிக்காயையும் கொடுங்க. பூமியும் வியாழனும் அந்தக் குழந்தைக்கும் புரியும்.

2022 நவம்பர்ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல வானவில் மன்றம் தொடங்குனாங்க. அறிவியலைச் செய்து பார்த்துக் கத்துக்கிற நல்ல திட்டம். ஆனா அது 6 முதல் 8-ஆம் வகுப்புக்கு. "ஏன்? எப்படி?"ன்னு பிள்ளை ஓயாம கேக்குற வயசு அஞ்சு, ஆறு, ஏழு. ஆறாம் வகுப்பு வர்றதுக்குள்ள பாதிப் பேர் கேள்வி கேக்குறதையே நிறுத்திடுறாங்க. அதனால நம்ம கோரிக்கை நேரடியானது: இந்த முறை தொடக்கப் பள்ளிக்கும் வரணும். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பதிவேடு வேலையில இருந்து கொஞ்சம் நேரமும் கிடைக்கணும். நெல்லை கொக்கிரகுளத்துல 1987-ல இருந்து இயங்குற மாவட்ட அறிவியல் மையத்துக்கு, நம்ம பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது இலவசமா பஸ்ல கூட்டிட்டுப் போகணும்.

"கிராமத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில். 2014-ல் செவ்வாயைச் சுற்ற ஆரம்பிச்ச மங்கள்யானோட திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நெல்லை மாவட்டத்துக் கிராமத்துக்காரர். இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி, நாம தினமும் பார்க்கிற இதே மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குப் பக்கம்தான் இருக்கு.

அரசு செய்யட்டும்னு சும்மா இருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பேனர் காசை மிச்சம் பிடிங்க. உங்க தெருப் பிள்ளைகளைக் கூட்டிட்டு ஒரு பந்தோட இறங்குங்க. போட்டோவுல நம்ம முகம் வேண்டாம், பிள்ளைங்க கையில இருக்கிற கடுகு தெரிஞ்சா போதும். கமெண்ட்ல போடுங்க, உங்க ஊர்ல நெப்டியூன் எந்த டீக்கடை வரைக்கும் போச்சுன்னு!

#கடுகளவு_பூமி #ஆய்க்குடி #தென்காசி