பூட்டிய கைக்குப் பொறுப்பில்லையா?

குற்றம் செய்தவனை உசாவி, மெய்ப்பித்து ஒறுப்பது அறம். குற்றம் செய்யக்கூடும் என்று அலுவலர் ஒருவர் கருதிய அளவிலேயே ஒருவனை உசாவலின்றி அடைத்து வைப்பது தடுப்புக் காவல். ‘குண்டர் சட்டம்’ என்று மக்கள் வழங்கும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டம், ஓராண்டு வரை இவ்வாறு அடைத்து வைக்க இடந்தருகின்றது.

அடைப்பிற்கான அடிப்படைகளை அடைக்கப்பட்டவனுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. மராட்டிய மாநிலத்தில் ஆங்கிலம் அறியாத ஒருவர்க்கு அவற்றை ஆங்கிலத்திற் கொடுத்துவிட்டு, ‘வாயால் விளக்கினோம்’ என்றனர் ஆள்வோர். அவர்க்குப் புரியும் மொழியில் எழுதித் தராத காவல் செல்லாது என 1962-இல் உச்ச நயன்மன்றம் அவரை விடுவித்தது. இந்தி அறிந்தவர்க்குக் கிட்டிய அவ்வுரிமை தமிழனுக்கும் உரியதே.

ஆட்கொணர்வு முறையீட்டின்மேல் சென்னை உயர்நயன்மன்றம் எத்தனையோ அடைப்பாணைகளை உடைத்துள்ளது. ஆயின், ஆணை உடையுமுன் திங்கள் பல கழிந்துவிடுகின்றன. கதவு திறந்ததும் கணக்கு முடிந்ததென்று அரசு கைகழுவுகின்றது. இழந்த கூலியையும் குலைந்த குடும்பத்தையும் எவர் ஈடுசெய்வது?

1968-இல் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்ட பின்னும், பீகாரில் ஒருவர் 1982 வரை பதினான்கு ஆண்டுகள் சிறையிற் கிடந்தார். முன்பே கொடுத்த 5,000 உருபாவிற்கு மேல் 30,000 உருபா தருமாறு 1983-இல் உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. அவைக்குச் செல்லவொட்டாமல் அடைக்கப்பட்ட காசுமீரச் சட்டமன்ற உறுப்பினர் பீம்சிங்கிற்கு 1985-இல் 50,000 உருபா தர ஆணை பிறந்தது. இவை தடுப்புக் காவல் வழக்குகள் அல்ல. எனினும், முறையின்றிப் பூட்டிய அரசு பொருள் தரவேண்டும் என்னும் நெறியை நாட்டியவை இவையே.

ஆனால், இந்நெறி இன்னும் மன்றத்தின் அருளாகவே நிற்கின்றது. இழப்பீட்டை உரிமையாக்கிய உலக உடன்படிக்கையில் 1979-இல் இணைந்தபோதே, அவ்வுரிமை தன் சட்டத்தில் இல்லையென இந்திய அரசு விலக்குக் கூறிவிட்டது. அவ்விலக்கு வலுவிழந்ததென 1996-இல் உச்ச நயன்மன்றமே உரைத்தும், தடுப்புக் காவலுக்கெனத் தனி இழப்பீட்டுச் சட்டம் வரவில்லை.

தமிழர் கேட்க வேண்டியவை இரண்டு. அடைப்பாணையும் அதன் இணைப்புத் தாள்களும் பிழையற்ற தமிழில் அன்றே தரப்படல் வேண்டும். ஆணை செல்லாதென்று தீர்ந்தால், சிறையிற் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு சட்டப்படி கிடைத்தல் வேண்டும். ஆய்ந்து பாராது கையொப்பமிட்டவரும் அதில் ஒரு பங்கு இறுத்தல் வேண்டும். பொருள் இறுக்க வேண்டிவரும் என்று அறிந்த கையே பூட்டுமுன் ஒருமுறை தயங்கும்.