சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா? பெருங்குடல் சொல்லும் பதில்

“சர்க்கரையை நிறுத்துங்க, கேன்சர் தானா பட்டினி கிடந்து செத்துடும்!” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த ஃபார்வேர்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து.

உண்மை எது?

2009ல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெருங்குடல் புற்றுநோயாளிகள் 16 பேரின் கட்டியையும், அதன் பக்கத்தில் இருந்த நல்ல திசுவையும் ஒப்பிட்டனர். கட்டியில் குளுக்கோஸ் குறைவு, லாக்டேட் அதிகம். அதாவது, கட்டி குளுக்கோஸை வந்த வேகத்தில் காலி செய்கிறது.

ஆக்சிஜன் இருந்தாலும் புற்றுசெல்கள் குளுக்கோஸை முழுசாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றுவதை, 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுசாக எரித்தால் சுமார் 30 ஏடிபி கிடைக்கும். இந்த வழியில் வெறும் 2. நஷ்டக் கணக்கு மாதிரி தெரியும். ஆனால், வேகமாகப் பெருகும் செல்லுக்கு எரிபொருள் மட்டும் போதாது, புதுச் செல்லைக் கட்ட மூலப்பொருளும் வேண்டும். குளுக்கோஸ் அதற்கும் பயன்படுகிறது. பெட் ஸ்கேனில் பல கட்டிகள் ‘பளிச்’ என்று தெரிவதும் இந்தப் பசியால்தான்.

பக்கத்து நல்ல செல் என்ன சாப்பிடுது?

இங்குதான் சுவாரஸ்யம். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்குப் பிரதான உணவு குளுக்கோஸ் இல்லை, பியூட்டிரேட். நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துத் தயாரிக்கும் கொழுப்பு அமிலம் அது. இந்தச் செல்களின் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது.

அப்போ சர்க்கரையை நிறுத்தினால்?

ரத்தத்தில் குளுக்கோஸ் தீராது. மூளைக்கும் சிவப்பணுக்களுக்கும் அது தேவை என்பதால், தட்டில் இல்லாவிட்டாலும் கல்லீரல் தயாரித்துவிடும். அதற்காகத் தசைப் புரதமும் கரையும். போதிய சாப்பாடு இல்லாமல் எடை குறைந்தால், கீமோவைத் தாங்கும் தெம்பும் குறையும். கட்டி பட்டினி கிடப்பதற்கு முன்னால் நோயாளிதான் பட்டினி கிடப்பார்.

சர்க்கரைக்கு இது நற்சான்றிதழ் இல்லை. அளவு மீறினால் உடல் பருமன், டைப் 2 சர்க்கரை நோய் வரலாம். இரண்டுமே பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுபவை. குறைப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்வது மோசடி.

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு உருப்படியான பாடம் நல்ல திசுவிடம் இருக்கிறது: பயறு, கீரை, முழுதானியம் தட்டில் இருக்கட்டும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு, நார்ச்சத்தின் அளவைக்கூட டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருந்தால், ‘மூலமா இருக்கும்’ என்று தள்ளிப்போடக் கூடாது. நோயாளி வீட்டுக்கு ஃபார்வேர்ட் அனுப்பும் உறவினர்கள் இந்த அறிகுறிகளை அனுப்பினால் புண்ணியம்.