மண்ணுக்கு ஒரு சோறு பதமில்லை



தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வந்தார்கள், மண் எடுத்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது என்கிறார்கள். எழுதுபவருக்கு அந்த ரிப்போர்ட்டில் நம்பிக்கை இல்லை; எங்கே பிசகியது என்று சொல்லவும் தெரியவில்லை. பல நேரம் ஆய்வகத்தில் எந்தப் பிசகும் இருக்காது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன முடிவு எடுப்பதற்காக மாதிரி எடுக்கிறோம் என்று முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் பாதி வெற்றியும் பாதித் தோல்வியும் அங்கேதான் தீர்மானமாகின்றன. இந்த மாதம் அதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு நம் மலைக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. 2001 மார்ச்சில், கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வளாகத்து மண் மட்டும் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசத்துக்கு மேல் இருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதிகாரிகள் வைத்த அளவு. அது போதவே போதாது என்று உள்ளூர்க்காரர்களும் சூழலியலாளர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

அந்த 20 மில்லிகிராம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதரசம் மிகக் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் பதின்மூன்றரை கிராம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சின்ன உருண்டை ஏறத்தாழ 7 மில்லிகிராம். ஆக, ஒரு கிலோ மண்ணில் அப்படி மூன்று உருண்டைகள் இருந்தாலே வரம்பு தாண்டிவிடும். ஆனால் ஆய்வகத்தில் அந்த ஒரு கிலோவையும் கரைத்துப் பார்ப்பதில்லை. அரை கிராம் அளவுக்கு எடுத்துத்தான் அமிலத்தில் கரைப்பார்கள். ஒரு கிலோவை அரை கிராமாகப் பிரித்தால் 2,000 பங்கு. உருண்டை இருப்பது அதிகபட்சம் மூன்றில். மீதி 1,997இல் எதை எடுத்தாலும் ‘பாதரசம் இல்லை’ என்றே வரும். அந்த மூன்றில் ஒன்று அகப்பட்டால் கிலோவுக்கு 14,000 மில்லிகிராம் என்று வரும். கருவி சரியாக இருக்கிறது, ஆய்வாளர் நேர்மையாக இருக்கிறார், இரண்டு விடைகளும் அந்த நிலத்தைப் பற்றி உண்மையைச் சொல்லவில்லை.

நிஜ மண்ணில் பாதரசம் உருண்டையாக மட்டும் இருக்காது. ஆவியாகிப் படிந்து, மக்கிலும் களிமண்ணிலும் ஒட்டிப் பரவியும் இருக்கும். அதனால் கணக்கு இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனாலும் பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போல நிலத்துக்கு ஒரு பிடி மண்ணைப் பதம் பார்க்க முடியாது. சோறு ஒரே கொதியில் வேகிறது. மண்ணை அப்படி யாரும் கிளறிவிடவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முடிவு எடுக்க வேண்டிய ஒரு பகுதியை முதலில் வரையறுத்துக்கொண்டு, அதற்குள் சீரான இடைவெளியில் 30 முதல் 100 இடங்களில் ஒரே ஆழத்தில், ஒரே அளவில் சிறு சிறு மண்ணாக எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தட்டில் மெல்லப் பரப்பி, மறுபடியும் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஆய்வுக்குத் தருகிறார்கள். பாதரசமாக இருந்தால் உலர்த்தும்போது ஆவியாகிப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே வேலையை அந்தப் பகுதியில் முதலிலிருந்து மூன்று முறை செய்து, மூன்று விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தகவலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் அவசரத்தில் எடுத்த இருபது ஜாடி மண்ணைவிட இப்படி எடுத்த மூன்று ஜாடி மண் அந்த நிலத்தின் சராசரியை நம்பகமாகச் சொல்லும்.

இன்னொன்று, எந்தப் பாதரசம் என்ற கேள்வி. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009இல் குடியிருப்பு நிலத்துக்கு வெளியிட்ட வழிகாட்டு அளவுகளைப் பாருங்கள். தனிமப் பாதரசமாக இருந்தால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மெத்தில் பாதரசம் 11, மற்ற உப்பு வடிவங்கள் 170. ஒன்றுக்கும் நூற்றெழுபதுக்கும் எவ்வளவு தூரம்! மொத்தப் பாதரசம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. என்ன முடிவு எடுக்கப் போகிறோம், அதற்கு என்ன தெரிய வேண்டும், எவ்வளவு தவறைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை மண்ணில் கை வைப்பதற்கு முன் எழுதிவைக்கச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏழு படிகளை வகுத்திருக்கிறது. தவறு இரண்டு வகை. கெட்ட நிலத்தை நல்ல நிலம் என்று சொல்லிவிடுவது ஒன்று. நல்ல நிலத்தைக் கெட்டது என்று சொல்லி, வீணாக மரத்தை வெட்டி மண்ணைத் தோண்டுவது மற்றொன்று. இரண்டும் நஷ்டமே. ஆனால் முதல் தவறுக்கான விலையைக் கொடுப்பவர்கள் அந்த நிலத்தில் வேலை பார்த்தவர்களும், பக்கத்தில் குடியிருப்பவர்களும், அவர்கள் பிள்ளைகளும். ஆகவே அதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாசு எந்த வழியாகப் போயிருக்கும் என்ற வரைபடமும் மாதிரிக்கு முன்பே வேண்டும். கொடைக்கானல் ஆலையின் சரிவில் விழும் மழை பாம்பார் சோலைக்காட்டுப் பக்கம் இறங்குகிறது. கொடைக்கானல் ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வழியை மட்டும் வரைந்திருந்தால் ஏரியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் பிரிவு விஞ்ஞானிகள் காற்றையும் கணக்கில் எடுத்து, மரங்களில் படர்ந்த பாசியையும் லைக்கனையும் சோதித்தார்கள். பிறகு ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பாதரசம் இருந்தது. மூஞ்சிக்கல் கடையோ எந்த வரைபடத்திலும் வந்திருக்காது. அதைச் சொன்னது ஊர்.

ராணிப்பேட்டையில் கதை வேறு. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசியும். இங்கே எந்த மாதம் எடுக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. கோடையில் ஒரு கிணறு, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதே கிணறு, இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டியதில்லை. அடுத்தது பாட்டில். உலோகச் சோதனைக்கு வழக்கமாகத் தண்ணீரில் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். அப்படி விட்டால், நச்சு மிகுந்த ஆறிணைதிற குரோமியம் பாட்டிலுக்குள்ளேயே தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடக்கூடும். இதற்கென்று தனிப் பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வு என்று வேண்டும். ஐஸ் இல்லாத ஜீப்பில் இரண்டு நாள் சுற்றிய பாட்டில், விஷத்தை ஒளித்துக்கொண்டு வந்து சேரும்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்யத் தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகப்படும் இடங்களைப் பட்டியலிட வேண்டும். அதன்மேல் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு நடக்க வேண்டும். நாடு முழுக்க அடையாளம் கண்ட 103 இடங்களில் ஏழில் மட்டுமே சுத்திகரிப்பு தொடங்கியிருந்த நிலையில் இந்த விதிகள் வந்ததை மனதார வரவேற்கிறேன். ஒரு கவலையும் உண்டு. 90 நாள் என்பது ஒரு பருவம். ஒரு பருவத்துத் தண்ணீரை வைத்து ஒரு கிணற்றுக்கு விடுதலை கொடுத்துவிடக் கூடாது.

உங்கள் ஊருக்கு மண் எடுக்க ஆள் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். திட்டத்தை முதலில் கேளுங்கள். எத்தனை இடம், எவ்வளவு ஆழம், மாசின் எந்த வடிவம், எந்த மாதம், எந்த எண் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், எந்தக் கிணறு எந்த வருஷம் நிறம் மாறியது, லாரி எந்த ஓடையில் கொட்டியது, கழிவு எந்தக் கடைக்குப் போனது என்று பெரியவர்களிடம் விசாரித்துத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு பிரதியை ஆய்வுக் குழுவிடம் கொடுங்கள். இன்னொன்றை எங்களுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்