ஷாக் அப்சார்பர் மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

பாடம் எடுக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டஸ்டர் வண்டி பலருக்கும் தெரியும். தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன மாதம் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது, டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே பஸ். பிரேக்கை மிதித்தேன். மூக்கு தரையைப் பார்த்துக் குத்தியது, பின்பக்கம் தூக்கியது, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மூன்று முறை ஆடித்தான் நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம். பக்கத்தில் இடுப்பு வலிக்காரரான டீச்சரம்மா. அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் அவர் காரில் ஏறவே இல்லை.

ஷாக் அப்சார்பர்தான் வண்டியைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்துங்கள், சுலபமாகப் போகும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். ஷாக்குக்குள்ளே எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் போவதும் அப்படித்தான். ஆட்டம் வெப்பமாகிப் போய்விடுகிறது. ஷாக் தேய்ந்தால் டயர் ரோட்டை விட்டு விட்டுத் தொடும், பிடிமானம் குறையும். உயரமான வண்டிக்கு இது இன்னும் ஆபத்து.

மாற்றுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை. சென்னையிலிருக்கும் மகன், "அப்பா, ஸ்டிஃப்பா மோனோட்யூப் போடுங்க, லிஃப்ட் கிட்டும் சேர்த்துப் போட்டா கம்பீரமா இருக்கும்" என்றான். ஒரு கடைக்காரர் எண்ணெய் கசிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கடினமாக இருந்தால் வண்டி நன்றாக ஓடும் என்பது பாதி உண்மைதான். வளைவில் சாய்வு குறையும், சரி. ஆனால் மேடுபள்ளமான நம் ரோட்டில் அளவுக்கு மீறிக் கடினமான ஷாக் டயரைத் துள்ள வைக்கும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் ஏது? குலுக்கல் முழுவதும் இடுப்புக்கு வரும். லிஃப்ட் கிட் போட்டால் உயரம் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய வியாதியா அது?

கல்ரோட்டில் மணிக்கணக்காகப் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்களுக்கு மோனோட்யூப் நியாயம். அதில் சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெயில் நுரை கட்டாது. பேரப்பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை மலை ஏறுகிற எனக்கு, கம்பெனியில் வந்த அதே அளவுள்ள, தாழ் அழுத்த வாயு நிரப்பிய ட்வின்ட்யூப் போதும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் இப்போது நல்ல மெக்கானிக். (வாய்ப்பாடு மட்டும் கடைசிவரை வரவில்லை.) அவன் சொன்னான்: "சார், முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, ஜோடியாத்தான் மாத்தணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்." முன்பக்க ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் கையோடு மாற்றச் சொன்னான். அவற்றை மிச்சம் பிடித்தால் மறுபடி பிரித்துக் கூலி கொடுக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு முறுக்கினான். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே நின்று சீக்கிரம் கிழியுமாம். இதை நான் கேட்கவில்லை, அவனாகச் செய்தான். மனசு நிறைந்தது.

செலவு ஒரு மாதப் பென்ஷனில் பெரும்பகுதி. மகனுக்கு இன்னும் வருத்தம். நேற்று அதே வளைவில் பிரேக் பிடித்தேன். மூக்கு லேசாகத் தாழ்ந்து உடனே நிமிர்ந்தது. டீச்சரம்மா கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் மேல் சந்தேகப்படலாம். எனக்கு இன்னும் வீல் அலைன்மென்ட் பாக்கி. திண்டுக்கல் பக்கம் நன்றாகச் செய்யும் இடம் தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.