காற்றாலையும் நமது வாலிபரும்

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறாலில், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைக் காணப் பல தேசத்தார் மலையேறி வருகிறார்கள். அவ்வட்டாரத்து வாலிபர்களோ பிழைப்பைத் தேடிக் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இறங்கிப் போகிறார்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் எழுத்தறிவுடையோர் நூற்றுக்கு 91.75 என்று தமிழ் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நமது கன்னியாகுமரி ஜில்லா. படித்தவன் ஊரைவிட்டு வெளியேறியே தீரவேண்டும் என்பது எந்த நீதி?

வேலைக்கு வழியில்லாத பூமியா இது? இல்லை. ஜில்லாவின் கிழக்கு வாயிலான ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே, மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று சீறிப் பாய்கிறது. அக்காற்றை நம்பி, கணவாயிலும் அதையடுத்த முப்பந்தல் வெளியிலும் 1990-களில் காற்றாலைகள் காடுபோல் முளைத்தன. ராஜ்யத்தின் காற்றாலைச் சக்தி இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். புகையில்லை, சாம்பலில்லை, பெருமைப்படவேண்டிய காரியமே.

ஆனால் அவற்றை நட்டவர் யார்? பெரும்பாலும் வெளியூர் மில் முதலாளிகளும் கம்பெனிகளும். யந்திரத்தின் விலை முழுவதையும் முதல் வருஷமே வருமான வரிக் கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளச் சர்க்கார் அக்காலத்தில் சலுகை தந்தது. அதாவது, பொதுஜனங்களின் வரிப் பணமும் அந்தக் கோபுரங்களில் கலந்திருக்கிறது. யந்திரத் தொழிற்சாலைகளோ சென்னையைச் சுற்றியும் புதுச்சேரியிலும் எழுந்தன. காற்று வீசும் ஊருக்குக் கிடைத்தது நிலத்தின் விலையும், காவற்காரன் வேலையும், ஒப்பந்தக்காரரிடம் சில்லறைக் கூலியுமே. 1970-ஐ ஒட்டிக் கோதையாற்றில் 100 மெகாவாட் நீர்மின் நிலையங்களை மின்சார வாரியம் அமைத்தபோது, அங்கே வேலை பெற்றவருக்கு நிரந்தர உத்தியோகமும், ஓய்வுக்குப்பின் பென்ஷனும் இருந்தன. மின்சாரம் ஒன்றுதான், உழைப்பவன் நிலைமையில்தான் எத்தனை வித்தியாசம்!

இதை இப்போது கிளறுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. அக்காலத்து யந்திரங்கள் கிழடுதட்டிவிட்டன. 20 ஆண்டு கடந்தவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் ராஜ்ய சர்க்கார் 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய 250 கிலோவாட் யந்திரங்கள் எட்டின் சக்தியை, 2 மெகாவாட் யந்திரம் ஒன்றே தந்துவிடும். மின்சாரம் பெருகும், ஆனால் எட்டு யந்திரங்களைப் பேணிய கைகளுக்கு ஒன்றிலே வேலை ஏது? காற்றாலை ஓடத் தொடங்கியபின் அதிகம் பேர் தேவையில்லை என்று கம்பெனியார் சொல்வது பொய்யன்று. ஆகவேதான், ஓடும் யந்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது என்கிறோம். பழையதைக் கழற்றுவதும், அஸ்திவாரம் போடுவதும், இறக்கைகளின் விரிசலை அடைப்பதும், பல்சக்கரப் பெட்டியைப் பிரித்துச் செப்பனிடுவதும் தேர்ந்த கைவேலைகள். இவற்றுக்கு ஒரு பட்டறை ஆரல்வாய்மொழியிலேயே ஏன் இருக்கலாகாது? சிதறாலிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பும் தூரந்தானே!

கற்பிக்க இடமில்லையென்றும் சொல்ல முடியாது. நாகர்கோவில் கோணத்தில் அரசாங்கப் பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. உயரத்தில் ஏறி வேலைசெய்யும் பயிற்சியையும் காற்றாலைப் பராமரிப்பையும் அங்கே பாடமாக்கலாம். உள்ளூரார் என்பதற்காகத் தகுதியற்றவனை ஏற்கும்படி நாம் கேட்கவில்லை. தகுதி பெற வழி செய்துவிட்டு, பிறகு பரீட்சிக்கட்டும்.

மாற்று யந்திரத்துக்கு அநுமதி கேட்டு வரும் ஒவ்வொரு கம்பெனியிடமும் மூன்று நிபந்தனைகளைச் சர்க்கார் எழுதி வாங்கவேண்டும்: இத்தனை உள்ளூர் வாலிபருக்குப் பயிற்சி, பயின்றவருக்கு ஒப்பந்தக்காரர் மூலமன்றிக் கம்பெனியின் நேரடி நியமன உத்தரவு, கோபுரமேறுவோருக்கு விபத்து இன்ஷூரன்ஸ். கையெழுத்தானபின் கேட்டால் எவரும் செவிசாய்க்க மாட்டார். ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள், எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், இதை வருகிற கூட்டத்திலேயே கேள்வியாக எழுப்பவேண்டும்.