ஒன்றை மூன்றென எண்ணுவோர்



2070-ஆம் ஆண்டுக்குள் இந்தியா வெளியிடும் கரியும் மீண்டும் ஈர்த்துக்கொள்ளும் கரியும் சமமாகிவிடும் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் முழங்கினார். நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. புயலும் வெள்ளமும் முதலில் புரட்டிப்போடுவது குடிசையைத்தான் என்பதை அறிந்தவர்களல்லவா நாம்! குறைப்போம் என்று கூறுவோர் எதைக் கொண்டு அளக்கின்றனர் என்பதே நம் கேள்வி.

ஆட்டோ ஓட்டும் தோழர் தவணை தவறாமல் பெறுகிறாரே புகைச் சான்றிதழ், அது எதைச் சோதிக்கிறது? பெட்ரோல் வண்டியாயின் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும். டீசல் வண்டியாயின் புகையின் அடர்த்தியை. மூச்சைக் காக்க அது தேவைதான். ஆனால் உலகைச் சூடாக்கும் கரியமிலவாயுவுக்கு அங்கே வரம்பு இல்லை.

புதிய கார்களுக்கு அத்தகைய வரம்பு உண்டு, மறுக்கவில்லை. எப்படிப்பட்ட வரம்பு? ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் கார்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சராசரி. 2022 முதல் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 113 கிராம். அந்தச் சராசரியைப் போடும்போது ஒரு மின்சாரக் காரை மூன்று கார்களாக எண்ணிக்கொள்ளச் சலுகை! மின்சாரக் கார் சில விற்றவர், எண்ணெய் குடிக்கும் பெரும் ஊர்திகளைக் கூச்சமின்றி விற்கலாம்.

ஒன்றை மூன்றாக எண்ணத் தெரிந்த இந்தக் கணக்கர்களுக்குப் பேருந்தில் இருக்கும் ஐம்பது பேரை மட்டும் எண்ணத் தெரியவில்லை. நாமே எண்ணுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு. டீசலாயின் சுமார் 2.7 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவரே செல்கிறார் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு அவர் கணக்கில் 153 கிராம். லிட்டருக்கு 5 கிலோமீட்டரே ஓடும் டீசல் பேருந்தில் ஐம்பது பேர் செல்வார்களாயின், ஆளுக்கு 11 கிராம் கூட முழுதாக வராது. கரும்புகை கக்குகிறதென்று ஏசப்படுகிற அதே பேருந்துதான்!

வரி விதிப்பையும் காணீர். கோடி ரூபாய் பெறும் மின்சாரக் காருக்கு சரக்கு-சேவை வரி 5 விழுக்காடு. ஏழைகள் ஏறும் டீசல் பேருந்துக்கு, 2025-இல் குறைத்த பிறகும், 18 விழுக்காடு. "மின்சாரப் பேருந்துக்கும் 5 தானே?" என்பர். ஆம், அதை வாங்கப் போக்குவரத்துக் கழகங்களிடம் பணம் எங்கே? அந்தச் செல்வச் சீமானின் காருக்கு ஏற்றும் மின்சாரமும் நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரியில் பிறப்பது. அவர் தெருவில் இல்லாத புகை, அனல்மின் நிலையத்தருகே வாழும் எண்ணூர் மக்களின் தலைமேல் எழுகிறது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு: வண்டிக்கு இவ்வளவு என்பதோடு நில்லாமல், ஏறிச்செல்லும் ஆளுக்கு எவ்வளவு என்று அளந்து ஆண்டுதோறும் வெளியிடுக, சொகுசுக் காருக்கு விட்டுக்கொடுக்கும் வரியைப் பேருந்துக்குத் திருப்புக.

கிளைச் செயலாளர்கள் இந்தத் திங்களே தத்தம் ஊர்ப் பணிமனைக்குச் செல்லட்டும். எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன, எத்தனை பழுதாகி நிற்கின்றன, எந்தெந்த ஊர்களுக்குத் தடம் நிறுத்தப்பட்டது என்று கேட்டுக் குறித்து, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.